வட்டாரக் கலைக்கூடத்தின் ஓராண்டு: சேலம் சமவெளிக்கு ஒரு கண்காட்சித் திட்டம்

கலைக்கூடங்களில் சொந்தச் சேகரிப்பை வைத்து நிற்பவை உண்டு. மாறிமாறி வரும் கண்காட்சிகளை வைத்து நிற்பவையும் உண்டு. 1951-இல் தஞ்சை அரண்மனையில் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் கலைக்கூடம் முதல் வகையைச் சேர்ந்தது. அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகள் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நின்றாலும் அவற்றைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 1851-இல் நிறுவப்பட்ட சென்னை அருங்காட்சியகத்துக்கும் இதே வலிமை உண்டு. ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம், மேட்டூர் என்று விரியும் சேலம் சமவெளிப் பகுதிக்கு ஒரு சிறு கலைக்கூடம் அமைந்தால் அதற்கு இந்த வசதி இருக்காது. ஆனால் இந்த வட்டாரத்தின் கலைச்செல்வம் குறைவானதல்ல. அது தறிவீடுகளிலும் கூத்துக்காரர்களின் பெட்டிகளிலும் கோயில் தூண்களிலும் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களிலும் பரவிக் கிடக்கிறது. அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஓரிடத்தில் கூட்டிவைத்து, மக்களுக்குக் காட்டி, பத்திரமாகத் திருப்பித் தருவதே அத்தகைய கூடத்தின் வேலை. எனவே ஆண்டுத் திட்டம் பிசகினால் கூடமே பிசகிவிடும்.

வழக்கமாக ஆண்டுத் திட்டம் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குகிறது. தெரிந்த ஓவியர்கள் பன்னிரண்டு பேரை எழுதி, மாதத்துக்கு ஒருவர் என்று பங்கிட்டுவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியான இந்த முறை நடைமுறையில் கூடத்தையே களைப்படையச் செய்துவிடும். ஒரு கண்காட்சியைப் பிரித்து, பொருட்களைச் சரிபார்த்துக் கட்டி அனுப்பி, சுவரின் ஆணி ஓட்டைகளை அடைத்து, வெள்ளையடித்து, அடுத்ததை மாட்டி, விளக்கைத் திருப்பி வைக்க 12 நாளாவது வேண்டும். மாதம் ஒரு கண்காட்சி என்றால் அதில் கிட்டத்தட்டப் பாதி நாள் கதவு மூடியே கிடக்கும். சிற்றூர்களில் செய்தி வாய்வழியாகத்தான் பரவுகிறது. கொங்கணாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு விடுமுறை நாள் பார்த்துக் குடும்பத்தோடு கிளம்பும்போது அது முடிந்திருக்கும். இந்த வட்டாரத்துக்கு நான்கு பெரிய கண்காட்சிகளும் இரண்டு சிறிய கண்காட்சிகளும் போதும். பெரியது 50 நாள், சிறியது 25 நாள் என்று கொண்டால் திறந்திருக்கும் நாட்கள் 250. ஆறு மாற்றங்களுக்கு 72 நாள். எஞ்சும் 43 நாளைப் பழுதுபார்ப்புக்கும் அடுத்த ஆண்டுக்கான தேடலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

50 நாள் என்ற அளவை நிர்ணயிப்பது ஒளி. பட்டும் இயற்கைச் சாயமும் வெளிச்சத்தில் மெல்ல நிறமிழக்கின்றன. இழந்த நிறத்தை எந்த வேலைப்பாட்டாலும் மீட்க முடியாது. எளிதில் வெளுக்கும் பொருட்களை 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் வைக்க வேண்டும், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 15,000 லக்ஸ்-மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அனைத்துலக ஒளியியல் ஆணையம் 2004-இல் தந்த அளவு. நாளுக்கு 6 மணி நேரம் திறந்து வைத்தால் 300. 50 நாளில் 15,000. சித்திரை வெயில் நேரே விழும் வாசலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் 50 லக்ஸ் எவ்வளவு மங்கலானது என்று விளங்கும். கண் பழகுவதற்கு நுழைவாயிலிலேயே ஒரு நிழலான இடைவழி வேண்டும். எண்ணெய் வண்ண ஓவியம் 200 லக்ஸ் வரை தாங்கும். கல்லுக்கு இந்தக் கவலை இல்லை.

அந்த 6 மணி நேரம் எது என்பதையும் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். காலை பத்து முதல் ஐந்து வரை என்ற அலுவலக நேரம் தறி ஓட்டுகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வயல் வேலைக்குப் போகிறவருக்கும் எட்டாது. பிற்பகல் 3 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருப்பதே இங்கே பொருந்தும். ஞாயிறன்றும் கூடம் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஆண்டு எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி. நிதிக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பள்ளிக்கூடம் ஜூனில் தொடங்குகிறது. ஊரின் ஆண்டோ தறியையும் மழையையும் கோயிலையும் ஒட்டி நடக்கிறது. நிதி வரும் மாதத்தை வைத்துக் கண்காட்சியை அமைத்தால் மார்ச் கடைசியில் பணத்தைச் செலவழிக்கவென்று அவசர நிகழ்ச்சிகள் பெருகும். பொதுத்தேர்வு நடக்கும் அந்த மாதத்தில் பார்க்க வரும் பிள்ளைகள் குறைவு. சேலம் சமவெளியில் கண்காட்சி ஆண்டை ஆடியில் தொடங்குவதே சரி.

ஆடியில் தொடங்கும் முதல் கண்காட்சி நெசவைப் பற்றியதாக இருக்க வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7 இந்த நாட்களுக்குள் வருகிறது; 1905-இல் அதே நாளில் கல்கத்தாவில் அறிவிக்கப்பட்ட சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் அது கொண்டாடப்படுகிறது. இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. புரட்டாசி பிறந்துவிட்டால் தீபாவளிச் சரக்குக்கான நெருக்கடி வந்துவிடும். அப்போது எந்த நெசவாளரையும் தறியைவிட்டு எழுப்ப முடியாது. தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே வந்து பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கும் காலத்தில்தான் அந்தக் கண்காட்சி நடக்க வேண்டும்.

நெசவுக் கண்காட்சி என்றால் சேலைகளை வரிசையாகத் தொங்கவிடுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது விற்பனைக் கண்காட்சி. கலைக்கூடம் காட்ட வேண்டியது வேறு. ஜக்கார்டு பெட்டி ஏறிய தறியில் ஒரு புட்டாவோ முந்தியோ உருவாகும்முன் அது முதலில் ஓர் ஓவியம். வரைவாளர் ஒரு கொடியையோ அன்னத்தையோ வெறுந்தாளில் வரைகிறார். பிறகு அதைக் கட்டம்போட்ட தாளில் பெரிதாக்குகிறார். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. வளைவான கோடு எதையும் தறி அறியாது. படிப்படியாகச் செல்லும் கட்டங்களைக் கொண்டே வளைவு என்ற தோற்றத்தை உண்டாக்க வேண்டும். அன்னத்தின் கழுத்து எத்தனை கட்டத்தில் திரும்பினால் துணியில் அழகாக விழும் என்பதைப் பழகிய கண் அறியும். அந்தத் தாளைப் பார்த்து அட்டை அடிக்கிறார்கள். துளையுள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும், இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். அட்டைகளை வரிசையாக நூலால் கோத்துப் பெட்டியில் ஏற்றியதும் ஓவியம் துணியாகிறது.

1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு செம்மைப்படுத்திய இந்த முறை, துளை அட்டை என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹோலரித் துளை அட்டை எந்திரங்களால் எண்ணி முடித்தார். கணினி வளர்ந்த பாதையில் அது ஒரு பெரிய அடி. இந்தத் தொடர்பை ஒரு சுவரில் காட்டினால் பிளஸ் டூ மாணவர் ஒருவர் தன் வீட்டுத் தறியைப் புதிதாகப் பார்ப்பார். இன்று வரைவு வேலை கணினிக்குப் போய்விட்டது. கையால் வண்ணம் தீட்டிய பழைய கட்டத் தாள்கள் பயனற்றவையாகக் கருதப்பட்டு அழிந்துகொண்டிருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு உள்ளிட்ட இந்த வட்டாரத் துணிகளைக் கடையிலும் பார்க்கலாம். அவற்றுக்குப் பின்னால் இருந்த ஓவியத்தைக் காட்டக் கலைக்கூடத்தைத் தவிர வேறு இடமில்லை. கண்காட்சியில் இந்தத் தாள்கள் சட்டமிட்ட ஓவியங்களுக்குரிய மரியாதையோடு தொங்க வேண்டும். அருகே அதே வடிவத்தின் அட்டைக் கோவை, அதற்கப்பால் துணி. ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவர், அட்டை அடித்தவர், நெய்தவர் என்று மூன்று பெயர்கள். பெயர் கிடைக்காவிட்டால் ஊரும் தெருவுமாவது எழுதப்பட வேண்டும். பாவு தோய்க்கும் திடலான பாவடி இன்னும் இருக்கும் ஊரில், ஒரு விடியற்காலையில் பார்வையாளர்களை அங்கேயே அழைத்துப் போய்க் காட்டுவது கூடத்துக்குள் எத்தனை படம் மாட்டினாலும் கிடைக்காத அனுபவம்.

துணியைக் கலை என்று ஏற்கத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தயக்கத்துக்குத் தமிழ்நாட்டின் கலை வரலாற்றில் ஆதாரமில்லை. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, கைத்தொழிலையும் ஓவியத்தையும் சேர்த்தே கற்பித்தது. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் தங்கள் ஓவிய வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்தார்கள்.

ஆடியில் இன்னொரு வேலையும் உண்டு. சேலம் குகைப் பகுதி மாரியம்மன் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கை இந்த மாவட்டத்தின் பெரிய காட்சிக்கலை. புராணக் காட்சிகளை வேடமிட்ட மனிதர்களைக் கொண்டே அலங்கார வண்டிகளில் நிறுத்தி ஊர்வலம் விடுகிறார்கள். அதைக் கண்காட்சியாக்க விரும்பும் கூடம், இந்த ஆடியில் படமெடுத்தால்தான் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் காட்ட முடியும். வேடம் கட்டுவது, வண்டி ஜோடிப்பது, முகத்துக்கு வண்ணம் பூசுவது எல்லாம் திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் நடக்கின்றன. படக்காரர் அந்த நாட்களில் அங்கே இருந்தாக வேண்டும்.

அக்டோபரில் வரும் சிறு கண்காட்சிக்குப் பொருள் தயாராகவே இருக்கிறது. மோகனூரில் 1888 அக்டோபர் 19 அன்று பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராக, தேசபக்தராக, 'மலைக்கள்ளன்' எழுதியவராகத் தமிழுலகம் அறியும். இளமையில் அவருக்குச் சோறு போட்டது ஓவியம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை ஒட்டி வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். அதே கை 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டெழுதியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு. மூலப் படங்களைக் கடன் வாங்கும் வசதி சிறிய கூடத்துக்கு இருக்காது. நல்ல அச்சுப் படிகளையும் அவருடைய தன்வரலாறான 'என் கதை'யையும் கொண்டே 25 நாளை நடத்தலாம். படி என்பதை அட்டையில் தெளிவாக அச்சிட்டுவிட வேண்டும்.

மழைக்காலத்துக்கு வருவது கூத்து. இந்த வரிசை மேலோட்டமாகப் பார்த்தால் தவறாகத் தோன்றலாம். கூத்து திருவிழாக் காலத்துக் கலையாயிற்றே என்று கேட்கலாம். அதனால்தான் அது கார்த்திகை, மார்கழியில் வர வேண்டும். மாசி தொடங்கி ஆடி வரை மாரியம்மன், காளியம்மன், திரௌபதியம்மன் கோயில்களில் விழாக்கள் நெருக்கமாக வருகின்றன. அப்போது கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் இரவுக்கிரவு ஊர் மாறிக்கொண்டிருக்கும். கலைஞர்களுக்கோ பகல் தூக்கத்துக்கே நேரம் போதாது. மழைக்காலத்தில் ஆட்டம் குறைந்து, வருமானமும் குறையும் நாட்களில் பெட்டிகள் வீட்டில் இருக்கும். அந்த நாட்களில் பொருளுக்கு வாடகையும் விளக்க உரைக்குச் சன்மானமும் கொடுத்து அழைப்பது கலைஞர் வீட்டுக்கு நேரடி உதவி. கண்காட்சிக்கும் முழுமை கிடைக்கும்.

ஜலகண்டாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் கூத்துக்கும் பாவைக்கூத்துக்கும் பேர்போனவை. 'மணல்வீடு' இதழை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் இந்தக் கலைஞர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் அவர்களுக்கு மேடையமைத்துக் கொடுத்தும் வருகிறார். அந்த அனுபவம் உள்ளவர்களைக் கேட்காமல் வெளியூர்ப் பொறுப்பாளர் ஒருவர் தாமாகவே பொருட்களைத் தேர்ந்தெடுப்பது முறையாகாது. தோல்பாவைகளைப் பின்னாலிருந்து மெல்லிய ஒளி படும்படி திரையில் நிறுத்தினால்தான் அவற்றின் வண்ணம் தெரியும். சுவரில் ஆணியடித்து மாட்டினால் அவை வெறும் தோலாகிவிடும். கிரீடம், புஜக்கட்டை போன்ற மரக் கட்டைகளில் பழைய வண்ணத்தின்மேல் புதிய வண்ணம் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அதைச் சுரண்டவோ மெருகேற்றவோ கூடாது. கண்காட்சி முடிந்ததும் அது மறுபடியும் ஆட்டத்துக்குப் போக வேண்டிய பொருள் என்பதால், உரிமையாளர் விரும்பினால் இடையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நேர்மை. விலை உயர்ந்த தேக்கு அலமாரிக்குள் பூட்டி வைத்து அழகு பார்ப்பதைவிட, வாரம் ஒரு இரவு கூடத்தின் முற்றத்தில் அதே கட்டையை அணிந்து ஒருவர் ஆடுவது மேலானது. 1996-இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, கைவினைப் பொருட்களோடு அவற்றைச் செய்கிறவர்களையும் பார்வையாளர்முன் கொண்டுவந்த முறை இதற்கு நல்ல முன்னோடி.

மழைக்காலத்தின் ஆபத்து பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் தோலிலும் தாளிலும் துணியிலும் அது பிடிக்கும். ஈரப்பதமானி ஒன்று கூடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பொருளைச் சுவரோடு ஒட்டாமல் விரலளவு இடைவெளி விட்டு வைப்பதும், மின்விசிறியால் காற்றை ஓடவிடுவதும் அதிகச் செலவில்லாத காப்பு. ஓலைச்சுவடிக்கும் பட்டுக்கும் வசம்பு வைக்கும் பழைய வழக்கம் பூச்சியைத் தடுக்கவே ஏற்பட்டது. அது ஈரத்தைத் தடுக்காது.

பொங்கல் முடிந்ததும் வானம் தெளிந்து, பயணத்துக்கு உகந்த குளிர்ந்த நாட்கள் வருகின்றன. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பற்றிய கண்காட்சிக்கு உரிய பருவம் அது. இந்தப் பகுதியின் சிற்றரசர்களான கெட்டி முதலிகள் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய இந்தக் கோயிலின் சிற்பங்கள் பெயர்த்து வர முடியாதவை, பெயர்க்கவும் கூடாதவை. ஆகவே கூடத்தில் வைக்க வேண்டியவை ஒளிப்படம், அளவெடுத்த வரைபடம், கல்வெட்டு மைப்படி ஆகிய மூன்றும். கற்சங்கிலியையும் யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையையும் படத்தில் காட்டிவிடலாம். இராமன் மறைந்து நின்று வாலியை எய்யும் சிற்பத்தைப் படத்தில் காட்ட இயலாது. இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலியின் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரிவதில்லை. பார்வையின் கோட்டையே சிற்பி கல்லில் அமைத்திருக்கிறான். தரையில் தூண்களின் இடத்தைச் சுண்ணாம்பால் வரைந்து, பார்வையாளரை அதன்மேல் நடக்கவிட்டு, பிறகு பேருந்தில் தாரமங்கலத்துக்கே அனுப்ப வேண்டும்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த மாதத்தின் பெரும்பகுதியும் ஏப்ரலின் முற்பகுதியும் கூடம் மூடியிருக்கலாம். கூரை, மின்கம்பி, கரையான் வேலைகள் எல்லாம் அப்போதுதான். சித்திரை பிறந்ததும் திறப்பது மேட்டூர் பற்றிய ஒளிப்படக் கண்காட்சி. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் ஒரு தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. டெல்டாவுக்காக வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12-க்குள் இந்தக் கண்காட்சி முடிய வேண்டும். நீர் இறங்காத ஆண்டில் பழைய படங்களே போதுமானவை. அந்த ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் நினைவுகளை ஒலிப்பதிவாகவும் சேர்க்கலாம். மே விடுமுறையில் பிள்ளைகளை இங்கேயே வரையவிட்டு, பள்ளி திறந்ததும் அந்தப் படங்களைக் கொண்டு ஆண்டின் கடைசிச் சிறு கண்காட்சியை நடத்தலாம். பெரியவர்களுக்குப் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் இருக்கும். இந்தக் கண்காட்சியில் அதைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு இறக்கியே மாட்ட வேண்டும்.

கடன் கொடுப்பவர் கடைசி நேரத்தில் பின்வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்காக ஒரு கண்காட்சி எப்போதும் பெட்டியில் தயாராக இருக்க வேண்டும். சேலத்தில் அதற்குத் தகுந்தது மாடர்ன் தியேட்டர்ஸ். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய இந்த நிறுவனம் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்', 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகியவற்றைத் தந்தது. அதன் சுவரொட்டிகளும் பாட்டுப் புத்தகங்களும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. எழுத்து வடிவமும் அச்சு வண்ணமும் பார்த்துப் படிக்க வேண்டியவை.

எந்தப் பொருளும் ஒப்பந்தத் தாளில்லாமல் கூடத்துக்குள் வரக் கூடாது. வாங்கும்போதும் திருப்பும்போதும் உரிமையாளர் முன்னிலையில் ஒளிப்படம் எடுத்து, கீறல், கறை, கிழிசல் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கிய நொடி முதல் மறுபடி அங்கே ஏறும் வரை காப்பீடு இருக்க வேண்டும். 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளும், 75 ஆண்டுக்குக் குறையாத மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடியும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை. அத்தகையவற்றுக்குப் பதிவு விவரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது கூடத்தின் பொறுப்பு.

பணத்தில் முதல் பங்கு பொருள் தந்தவருக்கும் கலைஞருக்கும். அடுத்து காப்பீடு, போக்குவரத்து, விளக்கு. பிறகு நல்ல தமிழில் பெரிய எழுத்தில் விளக்க அட்டைகள். திறப்பு விழா மேடைக்கும் பொன்னாடைக்கும் பிளெக்ஸ் பலகைக்கும் மிச்சமிருப்பதைக் கொடுத்தால் போதும். கலைஞருக்குத் தொகை கொடுக்காமல் விழா நடத்தும் வழக்கத்தை எந்த வட்டாரக் கூடமும் தொடரக் கூடாது.

இந்த ஆண்டுத் திட்டத்தின் முதல் வேலை, ஆடிக்கு ஓராண்டு முன்பே, வீடு வீடாகத் தேடிப் போவதில் தொடங்குகிறது. ஜலகண்டாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் பரணில் கையால் தீட்டிய டிசைன் தாளோ, நூல் கோத்த அட்டைக் கட்டோ வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். வரைந்தவரின் பெயரை அதன் பின்புறம் பென்சிலால் எழுதி, உலர்ந்த துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.